ஆற்றுக்கு மேலே ஓர் அளவுகோல்

தாம்பரத்துக்கு மேற்கே முடிச்சூர்ப் பக்கம் ஆண்டில் பத்து மாதங்கள் போய் வருகிறவர்களுக்கு அங்கே ஓர் ஆறு இருப்பதே தெரியாது. புதரும் கோரையும் மண்டிய ஒரு பள்ளம், அதன் நடுவே கறுத்துத் தேங்கிய சிறிது நீர், அவ்வளவே. ஆயினும் அதுதான் அடையாறு. ஆதனூர், மணிமங்கலம், மண்ணிவாக்கம் முதலிய ஊர்களின் ஏரிகள் நிரம்பி வழியும் நீரைத் திரட்டிக்கொண்டு, முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் ஒட்டி வந்து, திருநீர்மலையருகே செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரையும் ஏற்று, அனகாபுத்தூர், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை வழியாகச் சுமார் 42 கிலோமீட்டர் நடந்து கடலைச் சேர்கிறது. எஞ்சிய இரண்டு மாதங்களில், ஐப்பசியிலும் கார்த்திகையிலும், இந்த ஆறு தானே வீடு தேடி வந்து தன்னை அறிமுகம் செய்துகொள்ளும்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். மீனம்பாக்கம் விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக் கிடந்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிகளில் நின்ற மக்களைப் படகுகள் வந்து மீட்டன. எட்டாண்டுகள் கழித்து, 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது அதே தெருக்களில் மீண்டும் நீர் புகுந்தது. இவை யாவரும் அறிந்தவை.

ஆனால் அத்தெருக்களில் குடியிருப்போரைக் கேட்டுப் பாருங்கள். வேறொரு விந்தையைச் சொல்வார்கள். ஒரே தெருவில், ஒரே வரிசையில், ஒரு வீட்டில் இடுப்பளவு நீர். நான்கு வீடு தள்ளி வாசற்படியோடு நின்றுவிட்டது. ஆற்றுக்கு அருகிலுள்ள வீடு தப்பியது. அரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த வீடு மூழ்கியது. ஏன்? தலைவிதி என்பார் சிலர். விடை அதைவிட எளியது. நீர் தூரத்தைப் பார்ப்பதில்லை, உயரத்தைத்தான் பார்க்கிறது. ஒரு சாண் மேடு ஒரு குடும்பத்தைக் காப்பாற்றுகிறது; ஒரு சாண் பள்ளம் அண்டைக் குடும்பத்தின் அரிசிப் பானையையும் பிள்ளைகளின் பாடநூல்களையும் கொண்டுபோகிறது. ஆகவே வெள்ளத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் சாண் கணக்கில் தரையை அறிந்திருக்க வேண்டும்.

அத்தகைய அறிவு நம்மிடம் இருந்ததா? இந்திய நில அளவைத் துறையின் வழக்கமான நிலப்படத்தில் சமவுயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்றாக வரையப்பட்டுள்ளன. மலைநாட்டுக்கு அது போதும். தாம்பரத்தின் மேற்கே உள்ளது போன்ற சமதரையில் ஓர் ஊர் முழுவதுமே இரண்டு கோடுகளுக்கு நடுவே மறைந்துபோகலாம். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ரேடார் கொண்டு உலகின் பெரும்பகுதிக்கு உயர அளவு எடுத்தது. அரிய சாதனையே. எனினும் அதன் ஒரு புள்ளி 30 மீட்டர் நீள அகலமுள்ள நிலத்துக்குச் சமம். உயரத்திலோ சில மீட்டர் பிழை நேரும். நான்கைந்து வீடுகளை ஒரே புள்ளியாக்கிவிடும் படத்தில் எந்த வீட்டின் வாசற்படியைத் தேடுவது?

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே டிரோன் எனப்படும் ஆளில்லா வான்கலம். திருமண வீடுகளில் தலைக்குமேல் ரீங்காரமிட்டுப் படமெடுக்கும் அதே கருவிதான். நமது சிறுவர்களுக்கு அதைப் பற்றி நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது நில அளவையாளராக மாறும் விதம் சற்றே விளக்கத்தக்கது.

சுமார் 100 மீட்டர் உயரத்தில், உழவன் வயலில் ஏர் ஓட்டுவதுபோல் நேர்கோடாகப் போய்த் திரும்பி, மீண்டும் அடுத்த சாலில் போய்த் திரும்பி, டிரோன் நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறது. ஒவ்வொரு படமும் அடுத்ததன்மேல் முக்கால் பங்குக்கு மேல் படியுமாறு எடுக்கப்படும். இதனால் தரையிலுள்ள ஒவ்வொரு கல்லும் பல படங்களில், பல கோணங்களிலிருந்து காணப்படும். நமக்கு இரண்டு கண்கள் இருப்பதனால் அன்றோ தூரம் புலப்படுகிறது? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது கடினம். டிரோன் ஒரே கண்ணை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, பல கண்களின் வேலையைச் செய்துவிடுகிறது. பிறகு கணிப்பொறி அந்தப் படங்களை ஒப்பிட்டு ஒவ்வொரு புள்ளியின் உயரத்தையும் கணக்கிடும். தரையில் முன்கூட்டியே சில அடையாளப் பலகைகளை வைத்து, அவற்றின் இடத்தையும் உயரத்தையும் ஜிபிஎஸ் கருவியால் நுட்பமாக அளந்துவைப்பார்கள். படம் முழுவதும் அந்த ஆணிகளில் அறையப்பட்ட விரிப்பைப்போல் ஒழுங்கில் நிற்கும். நன்கு செய்தால் வெட்டவெளியில் உயரப் பிழை பத்துச் சென்டிமீட்டருக்குள் அடங்கும். நாம் கேட்ட சாண் கணக்கு இதுவே.

மரமும் புதரும் மூடிய கரையில் ஒளிப்படம் இலையின் உயரத்தைத்தான் காட்டும், தரையைக் காட்டாது. அங்கே லைடார் என்னும் லேசர்க் கருவி வேண்டும். ஒரு நொடியில் பல்லாயிரம் ஒளித் துடிப்புகளைக் கீழே பொழிந்து, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அது அறிகிறது. மழைத்துளிகளில் சில இலைகளுக்கிடையே நுழைந்து மண்ணை நனைப்பதுபோல, துடிப்புகளில் சில இடுக்குகளின் வழியே தரையைத் தொட்டுத் திரும்பும். அந்தச் சிலவே போதும்.

தண்ணீருக்குள் பார்ப்பதுதான் பெரிய இடர்ப்பாடு. குளத்துப் படியில் நின்று பார்த்தால் அடுத்த படி கைக்கெட்டும் ஆழத்தில் இருப்பதுபோல் தோன்றும். கால் வைத்தால் வழுக்கிவிழ நேரும். ஒளி நீரிலிருந்து வெளிப்படும்போது வளைவதால் ஆழம் முக்கால் பங்காகத்தான் தெரிகிறது. தெளிந்த ஆற்றில் இந்தக் குறையைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம். நீரை ஊடுருவும் பச்சை லேசரும் உண்டு. ஆனால் அடையாற்றின் கறுத்த நீரில் எந்த ஒளி ஊடுருவும்? போதாக்குறைக்கு ஆகாயத்தாமரை பாய் விரித்தாற்போல் மூடிக்கிடக்கிறது. இங்கே இரண்டே வழிகள்: சிறு படகில் எதிரொலிக் கருவி வைத்து ஆழம் பார்ப்பது, அல்லது சித்திரை வைகாசியில் மேல்புறத்துப் படுகை வறண்டு கிடக்கும்போதே பறந்து அளந்துவிடுவது. வெள்ளம் வந்தபின் வானில் டிரோன் சுற்றுவதைக் கண்டு மகிழ்கிறோம். மீட்புப் பணிக்கு அது வேண்டியதே. ஆனால் ஆற்றை அளக்க வேண்டிய பருவம் கோடை. அப்போது ஆற்றை நினைப்பவர் யார்?

இந்த அளவைக் கலை தென்சென்னைக்குப் புதிதன்று என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். புனித தோமையார் மலைக்குத் திருப்பயணமாகப் படியேறும் நம் மக்களுள் பலருக்கு அம்மலையின் இன்னொரு பெருமை தெரியாது. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அம்மலையடியிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை சுமார் ஏழரை மைல் நீளமுள்ள ஓர் அடிப்படைக் கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த ஒரே கோட்டின்மேல் முக்கோணம் முக்கோணமாக அடுக்கிக்கொண்டு போய்த்தான் இந்தியா முழுவதும் அளக்கப்பட்டது. இமயத்தின் உயரமும் இறுதியில் அந்த வரிசையிலேயே கணிக்கப்பட்டது. அவர் பயன்படுத்திய 100 அடி எஃகுச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோகப்பட்டு, அங்கே ஏற்கப்படாமல் திரும்பி, கல்கத்தாவில் விலைக்கு வந்தது அது!

எம் பொருளுக்கு வேண்டியது இதுவே: லாம்டன் அச்சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, அருகிலேயே வெப்பமானிகளை வைத்தார். சென்னைச் சித்திரை வெயிலில் எஃகு நீளும் அல்லவா? பாரன்ஹீட் கணக்கில் ஒரு டிகிரி கூடினால் 100 அடிச் சங்கிலி ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் நீளும், அற்பம். ஆனால் ஏழரை மைலுக்கு அதை ஏறக்குறைய நானூறு முறை கிடத்த வேண்டும். இருபது டிகிரியைக் கவனியாது விட்டால் முடிவில் சுமார் ஐந்தடி பிழை வந்து நிற்கும். நிலத்தை அளப்பவர் வெப்பத்தையும் அளந்தேயாக வேண்டும் என்று அன்றே அறிந்திருந்தார்கள்.

இன்றைய டிரோனும் வெப்பத்தை அளக்கிறது, வேறொரு நோக்கத்துக்காக. 1800-ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷெல் என்ற வானியலறிஞர், சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்து, சிவப்பு நிறத்துக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வெப்பமானியை வைத்தபோது அது ஏறக் கண்டார். அகச்சிவப்புக் கதிர் அறியப்பட்டது அப்படித்தான். ஒவ்வொரு பொருளும் தன் வெப்பத்துக்கேற்ப அக்கதிரை வீசிக்கொண்டேயிருக்கிறது. அதைப் பார்க்கும் கண்ணை டிரோனில் பொருத்தினால், ஆறு முழுவதும் எங்கே வெதுவெதுப்பு, எங்கே குளிர்ச்சி என்பது ஒரே படத்தில் வண்ணங்களாகத் தெரியும்.

இதனால் என்ன பயன் என்று கேட்கலாம். கனடாவின் மிராமிசி போன்ற ஆறுகளில் கோடையில் நீர் சூடேறும்போது சால்மன் மீன்கள் குளிர்ந்த நீரூற்றுகள் கலக்குமிடங்களில் கூட்டமாகப் போய் ஒதுங்கி உயிர் பிழைக்கின்றன. அந்தப் புகலிடங்களை வெப்பப் படத்தால் கண்டறிந்து காக்கிறார்கள். நம் அடையாற்றில் சால்மனும் இல்லை, அத்தகைய குளிர்நீரும் இல்லை. ஆனால் வேறொன்று உண்டு: ஊற்றல்ல, சாக்கடை.

நம் வீட்டுக் கிணற்றை நினைத்துப் பாருங்கள். மார்கழி விடியலில் அதன் நீர் வெதுவெதுப்பாகவும், அக்கினி நட்சத்திர நண்பகலில் சில்லென்றும் இருக்கும். உண்மையில் கிணறு மாறவில்லை. நிலத்தடி நீர் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் இருக்கிறது. மேலேயுள்ள காற்றுதான் மாறுகிறது. நிலத்துக்கடியில் குழாய் வழியே வரும் கழிவுநீரும் அப்படியே. எனவே மார்கழி விடியலுக்குச் சற்று முன்பு வெப்பக் கண்ணுடன் ஆற்றின்மேல் பறந்தால், குளிர்ந்த நீரில் வெதுவெதுப்பான கோடுகள் கலக்குமிடங்கள் தென்படும். பகலில் புதர் மறைவிலும், பாலத்தடியிலும், சுவரோரத்திலும் ஒளித்து விடப்பட்ட குழாய்வாய்கள் கூட அந்நேரத்தில் தாம் இருக்கும் இடத்தைத் தாமே அறிவித்துவிடும். இருளில் செய்வது வெளிச்சத்துக்கு வரும் என்ற வார்த்தை இக்கருவியைப் பொறுத்தவரை சொல்லுக்குச் சொல் உண்மை.

இந்தக் கண்ணுக்கும் எல்லைகள் உண்டு. அது நீரின் தோலை மட்டுமே காண்கிறது. ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே குளிரா சூடா என்று அதற்குத் தெரியாது. ஆகாயத்தாமரை மூடிய இடத்தில் இலையின் வெப்பத்தைச் சொல்லுமே தவிர நீரின் வெப்பத்தை அன்று. இரண்டு இடங்களுக்கிடையேயுள்ள நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுவதில் வல்லது. ஆனால் இத்தனை டிகிரி என்று அறுதியிட்டுக் கூறுவதில் சில டிகிரி தவறக்கூடும். ஆதலால் ஆற்றில் ஆங்காங்கே சாதாரண வெப்பமானிகளை மூழ்கவைத்து ஒப்பிட வேண்டும். லாம்டனின் வெப்பமானிக்கு இன்றும் வேலை போகவில்லை! சூடு தெரிந்தால் உயிரின் நிலையும் ஒருவாறு தெரியும்: 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தூய நீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கழிவைச் செரிக்க அதிலும் பெரும்பங்கு செலவாகிவிட்டால் முகத்துவாரத்து மீனுக்கு மூச்சுக்கு எது மிச்சம்?

இவ்வளவுக்கும் வேண்டிய அறிவு நம் வாசலிலேயே இருக்கிறது. 1949-இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம், அப்துல் கலாம் வானூர்தி நுட்பம் பயின்ற அதே எம்.ஐ.டி., இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். ஆளில்லா வான்கலங்களைப் பல்லாண்டுகளாக வடிவமைத்து வருகிறது. தமிழ்நாடு அரசு இவ்வான்கலங்களுக்கெனத் தனிக் கழகம் ஒன்றையும் 2022-இல் நிறுவியது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம், 2015 வெள்ளத்துக்குப் பின் பிற நிறுவனங்களுடன் சேர்ந்து, எவ்வளவு மழைக்கு எந்தப் பகுதியில் எவ்வளவு நீர் நிற்கும் என்று கணிக்கும் முறையொன்றை உருவாக்கியது. அத்தகைய கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கும் என்பது அதற்கு ஊட்டப்படும் தரைப்படத்தைப் பொறுத்தது. தெருவை உயர்த்திப் போட்டுவிட்டால், ஒரு சிறுபாலத்தை அடைத்துவிட்டால், பழைய படம் பொய்யாகிவிடும். மீண்டும் அளக்க வேண்டும். மீண்டும் மீண்டும் மலிவாக அளக்க முடிவதுதான் டிரோனின் சிறப்பு.

தடையும் இங்கேதான் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்துள்ளன. தாம்பரத்தில் விமானப்படைத் தளம். மீனம்பாக்கத்தில் விமான நிலையம். அதன் இரண்டாம் ஓடுபாதையின் ஒரு பகுதி அடையாற்றின்மீது கட்டிய பாலத்தின் மேலேயே அமைந்திருக்கிறது. ஆற்றை அளக்கத் தோன்றியவர் எல்லாம் நினைத்தபோது டிரோனைப் பறக்கவிட முடியாது, விடவும் கூடாது. உரிய அனுமதியோடு அரசு அமைப்புகளே செய்ய வேண்டிய பணி இது.

ஆகவே வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். படத்தைச் சரிபார்க்கும் சான்று மக்களின் சுவரிலேயே இருக்கிறது. 2015-இல் நீர் எதுவரை வந்தது என்று பல வீடுகளில் கறை இன்னும் தெரிகிறது; அல்லது வீட்டுப் பாட்டி விரல் வைத்துக் காட்டுவார். நீரியல் வல்லுநர்க்கு அது கிடைத்தற்கரிய அளவு. வெள்ளை அடிப்பதற்குமுன் அவ்விடத்தில் ஒரு கோடு கிழித்துத் தேதியை எழுதி வையுங்கள். இன்னொன்று: வெள்ளக் காலத்தில் நம் ஆலயங்களும் பள்ளிக்கூடங்களும் திருமண மண்டபங்களும் புகலிடங்களாகின்றன. அந்தக் கட்டடங்களின் தரை கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று நம்மில் எவர்க்குத் தெரியும்? மக்களை எங்கே கூட்டிச்செல்வது என்பதை அந்த ஒரு எண் தீர்மானிக்கும். தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாகிவிட்டது. வார்டு உறுப்பினரிடம் இதைக் கேட்க உரிமை உண்டு. ஆற்றில் வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று வானொலி அறிவித்தால் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன விளங்கும்? தெருமுனை விளக்குக் கம்பத்தில் தரைமட்டத்தை வண்ணத்தில் எழுதி, இன்ன அளவுக்கு ஆறு ஏறினால் இந்தத் தெருவில் நீர் வரும் என்று சொன்னால் பள்ளிச் சிறுமிக்கும் விளங்கும்.

மற்றொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வானிலிருந்து பார்க்கும்போது ஆற்றங்கரைக் குடிசை முதலில் கண்ணில் படுகிறது. ஓலையும் தகரமும் தனித்துத் தெரியும். ஆற்றுக்குச் சொந்தமான வெள்ளச் சமவெளியில் முறையான பட்டாவோடும் மதிற்சுவரோடும் நிற்கும் மாடி வீட்டு வரிசை ஊர் போலவே தோன்றும். அளவைக்கு இரண்டும் ஒன்றே. அதன் கணக்கில் இரண்டும் நீரின் வழியில் நிற்பவையே. ஆனால் அகற்றுவதென்று வரும்போது இரண்டும் ஒன்றாக நடத்தப்படுவதில்லை. 2015-க்குப் பின் அடையாற்றங்கரையில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் வீடிழந்து, பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. வேலையிடமும் பிள்ளைகளின் பள்ளியும் பல மைல் பின்னால் நின்றுவிட்டன. வெள்ளத்திலிருந்து காப்பதற்காக என்றே அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

அப்பெரும்பாக்கம், லாம்டனின் சங்கிலி போய் முடிந்த குன்றுள்ள அதே ஊர். குன்றைத் தவிர்த்தால் சுற்றிலும் தாழ்நிலம். பக்கத்தில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சுற்றுப்புறத்து ஏரிகளின் நீரெல்லாம் வந்து தேங்க வேண்டிய இடம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெரும்பாக்கத்துத் தெருக்களிலும் வெள்ளம் நின்றது. ஆற்றங்கரையிலிருந்து வந்தவர்கள் மேல் மாடிகளிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்தூக்கி ஓடவில்லை, குடிநீர் இல்லை. அந்த நிலத்தின் உயரத்தைச் சாண் கணக்கில் அளந்து, அவர்களுக்கு வீடு ஒதுக்குமுன் அவர்களிடமே அந்தப் படத்தைக் காட்டியிருக்கலாம்.